பிள்ளைக்குச் சேர வேண்டிய பாக்கி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லிட்டில் இந்தியாவில் நடக்க இடம் கிடைக்காது. லெபோ பாசாரில் ஒரு பக்கம் சேலைக்கடைப் பாட்டு, மறுபக்கம் முறுக்கு வேகும் எண்ணெய் வாசம், நடுவில் நகராத கார்கள். சென்ற தீபாவளிக்கு முன் அப்படியொரு சனிக்கிழமை மாலையில், தேநீர்க் கடையில் என் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். தெரிந்த முகம். பல வருடங்களுக்கு முன் ஒரே தாமானில் குடியிருந்தவர். பெயர் வேண்டாம். கையில் துணிக்கடைப் பை. உள்ளே பச்சை நிறப் பட்டுப்பாவாடை.

"மகளுக்கா தம்பி?"

"ஆமாண்ணே. நாலாம் ஆண்டு படிக்குது. அளவு சரியா இருக்குமான்னுதான் தெரியல. பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

நான் எதுவும் கேட்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் அவரே சொல்லிவிட்டார். விவாகரத்து ஆகி நான்கு வருடம். மகள் அம்மாவிடம். மாதம் 600 வெள்ளி பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்கலாம் என்று நீதிமன்ற உத்தரவு. முதல் இரண்டரை வருடம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு பிறையில் தொழிற்சாலை வேலை போனது. ஒரு மாதம் தவறியது, பிறகு மூன்று மாதம். இப்போது லோரி ஓட்டுகிறார், ஆனால் பாக்கி பதினான்கு மாதத்துக்கு வந்து நிற்கிறது.

"கையில பணம் இல்லாம எந்த முகத்தோட போய் வாசல்ல நிக்கிறது? அதான் பாக்கப் போறதையும் விட்டுட்டேன். தீபாவளிக்குத் துணி, பொறந்தநாளுக்கு ஏதாச்சும்னு அக்காகிட்ட கொடுத்து விடுறேன். இதையெல்லாம் கணக்குல எடுத்துக்க மாட்டாங்களாண்ணே?"

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. நம் குடும்பங்களில் இதைக் கேட்க வெட்கப்பட்டு உள்ளேயே வைத்திருப்பவர்கள் பலர். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

அந்தப் பணம் யாருடையது?

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணமும் விவாகரத்தும் நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பிள்ளையின் உணவு, உடை, இருப்பிடம், கல்வி ஆகியவற்றுக்குத் தம் வசதிக்கேற்பச் செலவிடுவது பெற்றோரின் கடமை என்கிறது அது. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் இந்தக் கடமை மாறாது. தாய்க்கு வசதி இருந்தால் அவரையும் பங்களிக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

'அவளுக்கு எதுக்கு நான் காசு கொடுக்கணும்?' என்று சில ஆண்கள் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மனைவிக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை வேறு. இரண்டாவது பணம் தாயின் கணக்கில் விழுந்தாலும் அது பிள்ளையின் பணம். பள்ளிப் பேருந்துக் கட்டணமும் பல் டாக்டர் செலவும் பாக்கி தீரும் வரை காத்திருப்பதில்லை. தந்தை கட்டாத 600 வெள்ளியை அந்த மாதம் தாயோ, தாத்தா பாட்டியோ எங்கிருந்தோ புரட்டித்தான் இருப்பார்கள்.

அதனால்தான் பட்டுப்பாவாடை கணக்கில் வராது. உத்தரவில் மாதம் 600 என்று இருந்தால் 600-தான். அன்பளிப்பு வேறு, பராமரிப்பு வேறு. பிள்ளையின் கையில் கொடுத்த ஐம்பது வெள்ளியும், அக்கா வழியாக அனுப்பிய சைக்கிளும் பாக்கியைக் குறைக்காது. பள்ளிக் கட்டணத்தையோ டியூஷன் பணத்தையோ நேரடியாகக் கட்டி அதைக் கழிக்க விரும்பினால், இரு தரப்பும் முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பணம் கட்டுவதும் பிள்ளையைப் பார்ப்பதும் ஒன்றுக்கு ஒன்று பண்டமாற்று அல்ல. பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்தக் கூடாது. பணம் வரவில்லை என்று, நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பைத் தாய் தடுக்கவும் கூடாது. பாக்கி வைத்திருப்பவருக்கும் மகளைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. அந்தத் தம்பி பணத்தோடு சேர்த்துத் தன்னையும் நிறுத்திக்கொண்டார். அதில் அதிகம் இழந்தது அந்தச் சிறுமிதான்.

அடைக்கும் வழிகள்

இனி பாக்கியை அடைப்பதற்கு வருவோம். லிட்டில் இந்தியாவின் பினாங்கு ஸ்திரீட் ஒரு காலத்தில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம். பெட்டியடியில் உட்கார்ந்து, கடன்காரரோடு பேசுவதற்கு முன் பேரேட்டைத்தான் பிரிப்பார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலாவது, கணக்கு எழுதுங்கள். உத்தரவின் நகலை எடுத்து, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு, எந்த மாதம் கட்டியது, எந்த மாதம் தவறியது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வங்கிக் கணக்கறிக்கையோடு ஒப்பிடுங்கள். அந்தத் தம்பிக்குப் பதினான்கு மாதம், மாதம் 600, ஆக 8,400 வெள்ளி. கேட்டதும் அவர், "அவ்வளவுதானா? நான் பதினஞ்சாயிரம் இருக்கும்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். எண்ணிப் பார்க்காத கடன் மனதுக்குள் இப்படித்தான் பெருகும்.

இரண்டாவது, பாக்கியை அடைக்கும் முன் இந்த மாதத் தொகையைக் கட்டத் தொடங்குங்கள். பழையதை மொத்தமாகச் சேர்த்த பிறகு கட்டலாம் என்று காத்திருந்தால் பாக்கி வளர்ந்துகொண்டே போகும். முழுத் தொகை முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். வங்கியில் மாதந்தோறும் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்வது நல்லது. சம்பளம் வந்த மறுநாளே போய்விட்டால் கை நீளாது. கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ டூயிட்நவ் வழியாகவோ அனுப்பி, குறிப்பில் 'மார்ச் மாதப் பராமரிப்பு' என்றோ 'பழைய பாக்கி' என்றோ எழுதுங்கள். நாளை நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒரு வரிதான்.

மூன்றாவது, தவணை பேசுங்கள். நேரில் பேச முடியாத நிலை என்றால் இரு வீட்டாரும் மதிக்கும் ஒரு பெரியவர் வழியாகப் பேசலாம், வழக்கறிஞர் கடிதம் வழியாகவும் பேசலாம். மாதத் தொகையோடு பாக்கிக்காக எவ்வளவு கூடுதல், எத்தனை மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்னும் நல்லது, இருவரின் சம்மதத்தோடு அதை நீதிமன்றத்தில் பதிவு செய்து ஒப்புதல் உத்தரவாக வாங்கிவிடுவது. வாய்ப்பேச்சு இரண்டு மாதத்தில் மறந்து போகும்.

நான்காவது, வருமானம் உண்மையிலேயே விழுந்திருந்தால் உத்தரவை மாற்றக் கேளுங்கள். சூழ்நிலை பெரிதாக மாறியிருந்தால் பராமரிப்பு உத்தரவைத் திருத்த 1976 சட்டத்தின் 96-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வேலை நீக்கக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, புதிய சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து மனு போட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வேலை போன அன்றே நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் தொகை குறைந்திருக்கலாம். போகாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழைய தொகையே மாதாமாதம் கடனாக ஏறும். நீங்களாகவே 600-ஐ 300 ஆக்கிக்கொள்ள முடியாது.

ஐந்தாவது, சம்பளத்திலிருந்தே பிடிக்கச் செய்யலாம். பராமரிப்பு அமலாக்கத்துக்கென்றே 1968-இல் ஒரு சட்டம் வந்தது. கட்டத் தவறுபவரின் சம்பளத்திலிருந்து பிடித்துச் செலுத்தும்படி முதலாளிக்கு உத்தரவிட அது வழி செய்கிறது. இதைத் தண்டனையாகவே பலர் பார்க்கிறார்கள். கையில் பணம் தங்காது என்று தன்னைத் தானே அறிந்தவருக்கு இது ஓர் உதவியும்கூட.

மொத்தமாகக் கொஞ்சம் எங்கே கிடைக்கும்?

ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தைக் கடன்காரர்கள் பறிமுதல் செய்ய முடியாது. ஆனால் நீங்களே எடுக்க ஒரு வழி திறந்திருக்கிறது. 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு 'அக்கவுன் ஃப்லெக்சிபல்' எனும் மூன்றாவது கணக்கில் சேர்கிறது. குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அதை எடுக்கலாம். புது கைப்பேசிக்கு அந்தப் பணத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் பாக்கிக்கு எடுப்பது அதைவிட நியாயமான செலவு.

கார் கடன், கிரெடிட் கார்டு என்று வங்கிகளிடம் மாட்டியிருப்பவர்கள் ஏகேபிகே-யை அணுகலாம். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனை இலவசம். பினாங்கிலும் அதன் கிளை உண்டு. பராமரிப்புப் பாக்கியை அவர்கள் கையாள மாட்டார்கள். ஆனால் வங்கித் தவணைகளைச் சீரமைத்துக் கொடுத்தால் மாதம் இருநூறோ முந்நூறோ மிஞ்சும். அது பிள்ளைக்குப் போகட்டும்.

ஒரே ஒரு கதவை மட்டும் தட்டாதீர்கள். மின்கம்பத்தில் எண் ஒட்டியிருக்கும் ஆலோங். பிள்ளைக் கடனை அடைக்க ஆலோங்கிடம் போனவர் கடைசியில் வீட்டு வாசலில் சிவப்புச் சாயத்தைப் பார்ப்பார்.

கட்டாமலே இருந்தால்?

காலம் போனால் மறந்துவிடுவார்கள் என்பது சிலரின் எண்ணம். சட்டம் இந்தப் பாக்கியைக் கடனாகவே எண்ணுகிறது. வழக்குப் போட்டு வசூலிக்கலாம். திவாலானாலும் அந்தப் பாக்கிக்கு உரிமை கோரலாம். கட்ட வேண்டியவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தும் கேட்கலாம். நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரலாம். 1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கிடைத்த உத்தரவாக இருந்தால், வேண்டுமென்றே கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு.

பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாரு வழியாகச் சிங்கப்பூர் போய்விட்டால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. இங்குள்ள பராமரிப்பு உத்தரவை அங்கேயும், அங்குள்ளதை இங்கேயும் அமல்படுத்த இரு நாடுகளிலும் சட்டம் உண்டு.

சிங்கப்பூர் 2025 ஜனவரியில் ஒரு புதிய முறையைத் தொடங்கியது. பராமரிப்பு அமலாக்க அதிகாரிகள் வங்கி போன்ற இடங்களிலிருந்து நேரடியாகத் தகவல் பெறுகிறார்கள். கட்ட முடியாதவர் யார், கட்ட மனமில்லாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். முடியாதவருக்குத் தவணையும் உதவியும், மனமில்லாதவருக்கு நடவடிக்கை. நம் நாட்டில் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா நீதித்துறையின் கீழ் குடும்ப ஆதரவுப் பிரிவு இருக்கிறது. நஃப்கா உத்தரவு இருந்தும் பணம் கிடைக்காத தாய்மார்களுக்கு அது முன்பணம்கூடக் கொடுக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள நம் தமிழ் முஸ்லிம் சகோதரிகள் அதை நாடலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அப்படியோர் அமைப்பு இன்னும் இல்லை. ஒவ்வொரு தாயும் தனியாகவே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

'அந்தாளு காசு எனக்கு வேணாம்' என்று வைராக்கியத்தோடு இருக்கும் சகோதரிகளை நான் அறிவேன். வைராக்கியம் உங்களுடையது, பணம் பிள்ளையுடையது. சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. வழக்குப் போடும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்த பாக்கியை வழக்கின் மூலம் வசூலிக்க முடியாது. ஐந்து வருடம் பொறுத்துவிட்டுப் போனால் முதல் இரண்டு வருடப் பணம் போனதுதான். தந்தைமார்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். மூன்று வருடம் ஒளிந்திருந்தால் போதும் என்று கணக்குப் போடுபவருக்கு, பிள்ளையும் ஒருநாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை.

பதினெட்டு வயதோடு முடிந்துவிடும் என்பதும் பழைய கதை. 2004-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. பதினெட்டைத் தாண்டிய பிள்ளையின் உயர்கல்விக்குப் பராமரிப்பு கேட்டார் தாய். சட்டத்தில் உடல், மனக் குறைபாடு மட்டுமே விதிவிலக்காக இருந்ததால் முடியாது என்றது நீதிமன்றம். அந்த ஓட்டையை 2017-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அடைத்தது. 2018 டிசம்பர் 15 முதல், மேற்கல்வியோ பயிற்சியோ முடியும் வரை பராமரிப்பு உத்தரவு நீடிக்க இடம் உண்டு.

உதவிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாரியம்மன் கோயிலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லெபோ லைட்டில் உயர் நீதிமன்றம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையமும் பினாங்கில் உள்ளன. 1985 முதல் இயங்கும் டபிள்யூசிசி பெண்கள் மையத்தில் தாய்மார்கள் ஆலோசனை பெறலாம். நான் வழக்கறிஞன் அல்ல. இங்கே எழுதியிருப்பது பொது விவரம். போகும்போது உங்கள் உத்தரவின் நகலையும் நீங்கள் எழுதிய கணக்குத் தாளையும் மறக்காமல் கொண்டு போங்கள்.

பாவாடை அளவு

அந்தத் தம்பியிடம் நான் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. தேநீர்க் கடைத் தாளில் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன். பொங்கலுக்குப் பிறகு அவரே அழைத்தார்.

மனைவியின் அண்ணனிடம் போயிருக்கிறார். "மச்சான் முதல்ல கதவையே திறக்கல. ரெண்டாவது தடவை போனப்ப கணக்குத் தாளை நீட்டினேன். உள்ள வான்னு சொன்னாரு." சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்த 1,400 வெள்ளியை முதலில் கட்டினார். மீதி 7,000. மாதம் 600 வெள்ளியோடு பாக்கிக்கு 200, ஆக முப்பத்தைந்து மாதம். ஞாயிற்றுக்கிழமையும் லோரி எடுத்தால் சமாளிக்கலாம் என்கிறார். அந்தக் கணக்கு எழுத்தில் ஏறிவிட்டது, வழக்கறிஞர் அதைப் பதிவு செய்து கொடுக்கிறார்.

"பாப்பாவைப் பார்த்தீங்களா?"

"போன வாரம் பார்த்தேண்ணே. முதல்ல அம்மா பின்னாலயே நின்னுச்சு. அப்புறம் வந்து, பாவாடை குட்டையா இருந்துச்சுப்பா, அத்தைதான் மடிப்பைப் பிரிச்சு இறக்கிக் கொடுத்தாங்கன்னு சொல்லுச்சு." சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அடுத்த தடவை கடைக்கு அதையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன்."